மூன்று தாடையும் முட்டை வளையமும்

நீங்கள் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சிமுலேஷன் பிரிவில் இப்போது உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றுப் போனவளிடம் கம்பெனி ஆண்டு மலருக்குப் பணி அனுபவங்களை எழுதித் தரக் கேட்டீர்கள். கூடவே நான் படித்துப் பெருமைப்பட வேண்டும் என்று உங்கள் அறிக்கைகள் நான்கையும் அனுப்பிவைத்தீர்கள். படித்தேன். படங்கள் அருமை. கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு வண்ணத்தில் அடிக்க மாட்டார்கள். ஆனால் நான்கு அறிக்கைகளிலும் "பட்டறையில் நேரில் பார்த்து உறுதிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. நான்கிலும் ஒரே தேதி. காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன், அது ஞாயிற்றுக்கிழமை. பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை என்பது வாசல் காவலாளிக்குத் தெரியும், அவர் காலடியில் படுத்திருக்கும் நாய்க்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் போகாத ஆள்தான். என்ன, நான் போனதாக எழுதவில்லை. பொய் எழுதாததால் நான் யோக்கியமானவள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். பொன்மொழி எதிர்பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தெரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருங்கள். மரம் அறுக்கும் மில்லில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? நேராகக் கிடக்கும் மரத்தை நடுவில் அறுப்பார்கள். பாதி அறுபட்டதுமே இரண்டு பலகைகளும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்போல் ஆளுக்கொரு பக்கம் வளைந்துகொள்ளும். அதுவரை மரம் சும்மா கிடந்ததாக நாம் நினைத்தோம். சும்மா இல்லை. வெளிப்பக்கம் இழுக்க, நடுப்பக்கம் தள்ள, இரண்டும் சமபலத்தில் மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தன. ரம்பம் நடுவில் புகுந்ததும் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது.

உலோகத்திலும் இதே கதைதான். விமான எஞ்சினின் முன்பக்கத்துக்கு வரும் பெரிய அலுமினிய வளையத்தைச் சூடேற்றித் தண்ணீரில் முக்குகிறோம். தோல் முதலில் ஆறிச் சுருங்குகிறது, உள்ளே இருப்பது பிறகு ஆறுகிறது. சண்டை உள்ளேயே தங்கிவிடுகிறது. புத்தகத்தில் அதற்கு எச்சத் தகைவு என்று பெயர். பிறகு லேத்தில் ஏற்றிக் கடையும்போது சண்டைக்காரர்களில் ஒரு பக்கத்து ஆட்களைச் சீவி எறிகிறோம். மிச்சம் இருப்பவர்கள் இழுத்த இழுப்புக்கு வளையம் கோணிக்கொள்கிறது. கோணிய வளையம் எஞ்சினில் ஏறாது. எவ்வளவு கோணும், எந்தப் பக்கம் கோணும் என்று கடைவதற்கு முன்பே கணினியில் கணக்கிட்டுச் சொல்வதுதான் நம் பிழைப்பு.

தொண்ணூறுகளின் கடைசி. நம் பிரிவு அப்போது ஒத்தக்கடைப் பக்கம் போகவில்லை. தல்லாகுளத்தில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. பட்டறை அவனியாபுரத்தில். நடுவில் மதுரை முழுவதும் இருந்தது. பெரியார் நிலையத்தில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, ஒரு மணி நேரப் பயணம். அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க எனக்கு ஐந்து வருடம் ஆனது. மாடியில் இரண்டு கணினிகள், ஒரு ஏசி. தூசி ஆகாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். கோயிலுக்குள் போவதுபோல் இருக்கும். நாங்களும் அர்ச்சகர்போலத்தான் நடந்துகொண்டோம். சீட்டு உள்ளே வரும், பிரசாதம் வெளியே போகும்.

பிரசாதம் போய்ச் சேரும் இடம் தரப் பிரிவு மேனேஜர். அவர் அறிக்கையைப் படிக்க மாட்டார், நிறம் பார்ப்பார். ஒருமுறை போன் செய்து, "மேடம், எட்டாம் பக்கத்துல செவப்பா இருக்கே, கஸ்டமர் பாத்தா பயந்துருவான்" என்றார். தகைவு ஏறினால் சிவப்பு காட்டும் நிற அளவுகோலின் உச்சியை மாற்றி, அதே எண்களுக்கு நீலமும் பச்சையும் வரும்படி செய்து அனுப்பினேன். "இப்பத்தான் மேடம் நல்லா இருக்கு, நீங்க சரி பண்ணிட்டீங்க" என்றார். நான் ஒரு மண்ணும் சரி பண்ணவில்லை. அவரும் நிம்மதியாகத் தூங்கினார், நானும் தூங்கினேன். இது மாதிரி வேலைகளை நீங்கள் இப்போதும் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மூன்றாவது அறிக்கையின் எட்டாம் பக்கத்தையும் பார்த்தேன்.

அந்த மேனேஜர் ஒரு நாள் அவசரம் என்று ஒரு கேள்வி அனுப்பினார். முன்பு செய்ததைவிடப் பெரிய அளவில் புது வளையம் ஒன்றுக்கு ஆர்டர் வந்திருந்தது. அதில் கடைந்து முடித்த ஐந்து வளையங்கள் வட்டம் தவறிப்போய்விட்டன. காரணம் உலோகத்தின் உள்ளே இருக்கும் தகைவா, லேத்தில் பிடித்த பிடியா? இரண்டு நாளில் பதில் வேண்டும்.

முழு வளையத்தையும் கணக்கில் போட்டால் அன்றைய கணினி ஐந்தாறு நாள் ஓட வேண்டும். ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். லேத்தில் வளையத்தை வெளியிலிருந்து பிடிப்பவை மூன்று தாடைகள். சம இடைவெளியில் மூன்று. ஆகவே வளையத்தை மூன்று பங்காக வெட்டி, ஒரு பங்கை மட்டும் மாடல் செய்தேன். மற்ற இரண்டும் அச்சு அசலாக இதேபோல் நடக்கும் என்று கணினிக்குச் சொல்லிவிட்டேன். தண்ணீரில் எப்படி முக்கினார்கள்? தாளில் "தண்ணீர், இன்ன சூடு, இத்தனை நிமிடம்" என்று இருந்தது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆறியதாக வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. தாடை இறுக்கிய இடங்களுக்கு ஏற்ப மூன்று இடங்களில் வளையம் லேசாக உப்பியிருந்தது. வேறு கோணல் ஒன்றும் இல்லை. கடைசி வரியை இப்படி எழுதினேன்: "உலோகத்தின் எச்சத் தகைவு காரணமல்ல. பிடிமானத்தின் அதிக இறுக்கமே காரணம்."

அழகான வாக்கியம். ஆறு சொற்களுக்குமேல் படிக்காத மேனேஜர்கூட முழுவதும் படித்துவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்து, காலையில், மாடி வாசலில் ஒரு டிவிஎஸ் பிப்டி வந்து நின்றது. நாற்பதை நெருங்கும் ஓர் ஆள் மேலே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"அந்த வளையத்துக்கு ரிப்போர்ட் எழுதுன மேடம் நீங்கதானா?"

"ஆமா. நீங்க?"

"அதுல நீங்க எழுதுன ஆளுதான் மேடம்."

"நான் யாரையும் எழுதலையே."

"பிடிமானம்னு போட்டிருக்கீங்கள்ல? அது நான்தான். பேரு சோலைமுத்து."

சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். குற்றச்சாட்டு மெமோ. கவனக்குறைவாகத் தாடைகளை அளவுக்கு மீறி இறுக்கி, ஐந்து வளையங்களைப் பாழாக்கியதாக எழுதியிருந்தது. ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. விசாரணை நாளை மறுநாள். ஆதாரம் என்ற இடத்தில் ஒரே ஓர் ஆவணம். என் அறிக்கை.

"உள்ள வாங்க" என்றேன். வந்து உட்காரவில்லை.

"எம்புட்டு இறுக்குனேன்னு உங்களுக்கு யாரு சொன்னா மேடம்?"

"ஒருத்தரும் சொல்லல. கணக்குல அப்படித்தான் வருது. கம்ப்யூட்டர் தப்பாப் போடாது."

இந்த வாக்கியத்தைச் சொன்னவள் நான்தான். எழுதிவைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உங்களை நான் திட்டும்போது பதிலுக்கு எடுத்துவிடலாம்.

சோலைமுத்து என் மேஜையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். செலோடேப் தீர்ந்துபோய்க் கிடந்த ஓர் அட்டை வளையத்தை எடுத்தார். மூன்று விரல்களால் சுற்றிப் பிடித்து அமுக்கினார்.

"பாருங்க. வளையத்தப் பிடிக்கிற என் லேத்து சக்குல மூணு தாடை. மூணு எடத்துல அமுக்குனா மூணு எடத்துலதான் உப்பும். சரியா?"

"சரி."

"கெடுத்துட்டேன்னு சொல்ற அஞ்சு வளையமும் முட்டை மாதிரி இருக்கு மேடம். ரெண்டு பக்கம்தான் நீண்டிருக்கு. ரெண்டு விரலால அமுக்குனாத்தான் முட்டையாகும்." ஒரு விரலை எடுத்துவிட்டு, இரண்டு விரல்களால் அமுக்கிக் காட்டினார். "எனக்குக் கம்பெனி மூணு குடுத்திருக்கு. அதுல ஒண்ண ஒடிச்சு வச்சுட்டா கடைஞ்சேன்?"

நான் திரையைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கு வளையம், பப்பாளிக் கீற்று மாதிரி, பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. மூன்று பங்கும் ஒரே மாதிரி என்று நானே சொல்லிவிட்ட மாடலில், முட்டை வடிவம் வரவே வராது. தகைவு எப்படி இருந்தாலும் வராது. ஊரே வெள்ளத்தில் போனாலும் வராது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் வரவில்லையே என்று நான் எழுதியிருக்கிறேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வளையம் என்ன வடிவத்தில் கோணியிருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அளவுத் தாளில் அதிகபட்ச எண்ணை மட்டும் பார்த்தேன். முட்டையா முக்கோணமா என்று ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். உள்ளூர் போன்தான்.

"நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வாரேன்" என்றேன்.

"எங்க மேடம்?"

"பட்டறைக்கு."

"நீங்களா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த ஆச்சரியம் ஐந்து வருடத்துக்கான திட்டு.

பட்டறையில் லேத்தைப் பார்க்கவில்லை. தாடை இல்லை என்றால் மிச்சம் இருப்பது தண்ணீரில் முக்கிய விதம்தான். நேராக உலைப் பக்கம் போனேன். உலைக்குப் பொறுப்பு இப்ராகிம் பாய். பெரிய உருவம், சின்னக் குரல். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. தொட்டி நீளமாக, ஆழமாக இருந்தது. அகலம் போதவில்லை.

"பாய், இந்தப் பெரிய வளையத்த இதுக்குள்ள எப்படிப் படுக்கப்போடுறீங்க?"

"படுக்கப்போட எடம் ஏது மேடம்? பழைய வளையம் சின்னது, படுத்துக்கிரும். இது படுக்காது. ஒத்தக் கொக்கில மாட்டி, நிக்க வச்சுத்தான் முக்குறேன்."

"எப்ப இருந்து?"

"மொத வளையத்துல இருந்து."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பெரிய தொட்டி வேணும்னு கேட்டேன். அடுத்த வருசம்னாங்க. தாள்ல தண்ணின்னு போட்டிருக்கு, தண்ணிலதான் முக்குறேன். நிக்க வச்சா படுக்க வச்சான்னு கேக்க ஒரு ஆளு வரலையே மேடம்."

யார் வந்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

நிற்கவைத்து முக்கினால் அடிப்பக்கம் முதலில் தண்ணீரைத் தொடும், உச்சி கடைசியில் தொடும். பக்கவாட்டில் வேறு மாதிரி ஆறும். உள்ளே சண்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. மேலும் கீழும் ஒரு ஜோடி, இடமும் வலமும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடி என்றால் முட்டைதான். இப்போது முழு வளையத்தையும் நிற்கவைத்து முக்கியதாகக் கணக்கிட்டால் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஆறு நாள் வேண்டும். கையில் இருப்பது ஒன்றரை நாள்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் என்ன செய்வீர்கள் என்று தெரியும். விசாரணையைத் தள்ளிப்போடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 'ரன்' கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். மேனேஜர் தள்ளிப்போட மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஐந்து வளையத்துக்கு ஓர் ஆள் என்று கஸ்டமருக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

"பாய், கொக்கிய வளையத்துல எந்த எடத்துல மாட்டுவீங்க? கைக்கு வந்த எடத்துலயா?"

"அதெப்படி? நம்பர் குத்தியிருக்க எடத்துலதான். மேல தூக்கும்போது எந்த வளையம்னு கண்ணுக்குத் தெரியணும்ல?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம்போல் இருந்தது. அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. வளையத்தின் நம்பர் கடைந்து முடிந்த பிறகும் விளிம்பில் அதே இடத்தில் திரும்பக் குத்தப்படும். முக்கியதுதான் காரணம் என்றால், முட்டையின் நீட்டு எப்போதும் நம்பரை ஒட்டி ஒரே திசையில் இருக்க வேண்டும். தாடைதான் காரணம் என்றால் நம்பருக்கும் கோணலுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஏனென்றால் சோலைமுத்து வளையத்தை ஏற்றும்போது நம்பர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டாம். அளவுகோலும் ஒரு துண்டு சாக்பீஸும் போதும்.

கழிவு என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்திருந்த ஐந்து வளையங்களையும் மூன்று பேருமாக அளந்தோம். நீட்டு விழும் திசையில் சாக்பீஸால் கோடு போட்டேன். முதல் வளையம், கோடு நம்பரின் மேலேயே விழுந்தது. இரண்டாவது, அதேதான். மூன்றாவது, நான்காவது, விரல்கடை தூரம் தள்ளி. ஐந்தாவது வளையத்தில் கோடு எங்கேயோ போய் விழுந்தது.

மறுபடி அளந்தேன். அங்கேயேதான் விழுந்தது.

சோலைமுத்து என் முகத்தைப் பார்த்தார். "நாலு போதாதா மேடம்? அஞ்சாவத அந்தப் பக்கம் உருட்டிவிட்ருவோமா?"

பாய் சொன்னார்: "மாப்ள சொல்றதும் சரிதான். யாரு எண்ணப்போறா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாக இருந்தது. அவர் வேலை போகக் கூடாது, அது ஒன்றுதான் மனதில் இருந்தது. ஆனால் பார்க்க வேண்டியதை ஓரம்தள்ளித்தான் போன வாரம் இந்த ஆளை மாட்டிவிட்டிருக்கிறேன். அதே வேலையைச் செய்து மீட்டெடுத்தால் எனக்கும் அந்த நிறம் பார்க்கும் மேனேஜருக்கும் என்ன வித்தியாசம்?

"அஞ்சும் இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

கிளம்பும்போது சோலைமுத்து பின்னாலேயே வந்தார். "மேடம், ஒண்ணு கேக்கவா? பாய் மேல போட்ராதீங்க. நான் தப்பிச்சு அவரு மாட்டுனா, மத்தியானம் தூக்குவாளியத் தொறந்து எங்கிட்டு உக்கார்றது நான்?"

வேலை போகும் நிலையில் இருக்கும் ஆள் அடுத்தவன் வேலையைப் பற்றிப் பேசுகிறார். மாடியில் குளுகுளு என்று உட்கார்ந்திருந்த நான் யாரைப் பற்றியும் யோசிக்காமல் கடைசி வரியை மட்டும் அழகாக எழுதியிருக்கிறேன்.

விசாரணை நடத்த வெளியிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். தல்லாகுளம் கோர்ட்டுப் பக்கம் பார்த்திருக்கிறேன். எஞ்சினும் தெரியாது, வளையமும் தெரியாது. என்னைச் சாட்சியாக மேனேஜர்தான் அழைத்திருந்தார். அறிக்கை சரி என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவேன் என்று நினைத்தார்.

"இந்த அறிக்கை நீங்க எழுதுனதாம்மா?" என்றார் வக்கீல்.

"ஆமா சார். இது தப்பு."

மேனேஜர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துவிட்டார். "மேடம், தெளிவாச் சொல்லுங்க."

"தெளிவாத்தான் சொல்றேன். கணக்கு தப்பில்ல, கேள்வி தப்பு. மூணுல ஒரு பங்க மட்டும் கணக்குப் போட்டேன். இப்படிப் போட்டா முட்டை வடிவம் வரவே வராது. முக்குன விதத்தையும் விசாரிக்கல. அது என் வேல, நான் செய்யல. தாள்ல எப்படி முக்கணும்னு எழுதாததும் ஆபீஸ் தப்பு. உலைக்காரர் தாள்ல இருந்தபடிதான் செஞ்சிருக்கார்."

எல்லோரையும் கழிவு வளையங்கள் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். சாக்பீஸ் கோடுகளைக் காட்டினேன். வக்கீல் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். மேனேஜர் நேராக ஐந்தாவதிடம் போனார். அதற்கென்று ஒரு மூக்கு உண்டு சிலருக்கு.

"இது ஏன் மேடம் பொருந்தல?"

"தெரியல."

"தெரியலையா? நாலுக்குத் தெரியும், ஒண்ணுக்குத் தெரியாதா? அந்த ஒண்ணு இவர் இறுக்குனதா இருக்கலாம்ல?"

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். கோபம் உச்சிக்கு ஏறினால் எனக்குத் தமிழ் நின்றுபோகும். இரண்டு வாக்கியம் அந்த மொழியில் வெளியே வந்துவிட்டது. வக்கீல் பேனாவை எடுத்துக்கொண்டு, "இதையும் பதிவு பண்ணணுமாம்மா?" என்றார்.

"வேணாம் சார்" என்றேன். பிறகு தமிழில் சொன்னேன்: "அதுவும் முட்டைதான். மூணு தாடையால முட்டை வராது. ஆனா நீட்டு ஏன் வேற பக்கம் போச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதித்தான் நாம இங்க நிக்கிறோம்."

வக்கீல் மேனேஜரிடம் திரும்பினார். "சார், உங்க ஆதாரம் இந்த ரிப்போர்ட் ஒண்ணுதான். எழுதுனவங்களே தப்புங்கிறாங்க. வேற ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

வேறு ஒன்றும் இல்லை. சோலைமுத்து அன்று மத்தியானமே லேத்துக்குத் திரும்பினார். பாயும் அவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். பாய் வீட்டு ஆணம், நம் குழம்புதான், காரமாக இருந்தது.

மறுநாள் முழு வளையத்தையும் நிற்கவைத்து முக்கியதாகக் கணக்கிட ஆரம்பித்தேன். ஆறு நாள் ஓடியது. முட்டை வந்தது, நீட்டு நம்பர் இருக்கும் திசையிலேயே வந்தது. சில மாதம் கழித்து அகலமான தொட்டி வந்தது, வளையங்கள் படுத்துக்கொண்டன, கோணல் நின்றது. ஐந்தாவது வளையம் ஏன் அப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது துப்பு இருந்தால் கண்டுபிடியுங்கள். அளவுத் தாள் என்னிடம் இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். "கோணலின் மூலகாரணத்தைக் கண்டறிந்தமைக்காக" அந்த வருடம் மேடையில் ஏற்றி எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். தப்பாக எழுதியவளுக்குக் கடிகாரம். எழுதப்பட்டவருக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு கடிதம். விசாரணை முடிந்த வாரமே சோலைமுத்து அதைக் கொண்டுவந்து காட்டினார். "சந்தேகத்தின் பலனை அளித்து இம்முறை மன்னிக்கப்படுகிறார். இனி கவனத்துடன் பணியாற்றுமாறு எச்சரிக்கப்படுகிறார்."

"மன்னிச்சுட்டாங்க மேடம்" என்று சிரித்தார். "பெரிய மனசு."

நானும் சிரித்தேன். வேலைதான் திரும்பக் கிடைத்துவிட்டதே, கடிதத்தில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆறு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அந்த அவசரத்தில் இருந்தேன். மூன்றில் ஒரு பங்கை மாடல் செய்ததைவிட இது பெரிய தப்பு. அதை அரை நாளில் கண்டுபிடித்தேன். இதைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆனது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் போர்மேன் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் என்னையும் போட்டார்கள். சோலைமுத்துவின் பைலைத் திறந்தால் மேலேயே அந்தக் கடிதம். அதற்குமுன் இரண்டு முறை அவர் பெயர் வந்திருக்கிறது. இரண்டு முறையும் ஓரத்தில் ஒரே குறிப்பு: "முன்பு எச்சரிக்கப்பட்டவர்." மூன்றாவது முறையாக அந்தக் குறிப்பை எழுதப் பக்கத்து நாற்காலிக்காரர் பேனாவைத் திறந்தார். நான் சண்டை போட்டேன். பதவியை யாருக்கும் கொடுக்காமல் தள்ளிவைத்தார்கள். கடிதத்தை எடுக்க மட்டும் மாட்டோம் என்றுவிட்டார்கள். சோலைமுத்துவிடம் கேட்டதற்கு, "விடுங்க மேடம், நான் கடைஞ்ச வளையம் மேல பறக்குது, நான் கீழ இருந்தா என்ன" என்றார். அவர் விடலாம். அது அவர் பெருந்தன்மை. நான் எழுதிய வரியால் வந்த கடிதம் அது, நான் விட முடியாது.

நிறம் பார்த்த மேனேஜர் இன்று ஜெனரல் மேனேஜர். இந்த மலருக்கு வாழ்த்துரையும் அவர்தான் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம், இதையும் படிப்பார். கடிதத்தை எடுக்கச் சொல்லிப் போய் நேரில் கேட்டபோது, "பழைய பைல் மேடம், அதக் கிளறி என்ன ஆகப்போகுது?" என்றார். அறைக்குள் சொன்ன பதில் எனக்கு வேண்டாம்.

ஜெனரல் மேனேஜர் சார், வருகிற பாதுகாப்பு தினக் கூட்டத்துக்கு நான் வாரேன். மொத்தப் பட்டறையும் இருக்கும், மைக்கும் இருக்கும். சோலைமுத்துவும் பாயும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் மன்னித்ததாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறது. மன்னிக்கும்படி அவர் செய்த தப்பு என்ன? எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.